சைவப் பூனை

ஜனவரி 8

அறை கிடைத்துவிட்டது. பாளையங்கோட்டையில், நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர்கள் முன்பக்கம் இருக்கிறார்கள். பின்முற்றத்தில் தனியாக ஓர் அறை, ஒரு அடுப்பு மேடை, ஒரு ஜன்னல். அது எனக்கு.

இதற்கு முன் பார்த்த இடங்களில் எல்லாம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். காலனி என்று சொன்னவுடன், அந்த வீட்டை நேற்றே வேறு யாருக்கோ பேசி முடித்தது அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

இங்கே வீட்டுக்காரம்மா வடிவு தெருவைக் கேட்கவில்லை. "நீ சைவம்தான?" என்றாள். வீட்டில் மீன், கறி சமைக்கக் கூடாது என்கிறாள் என்று நினைத்து, "ஆமாம்மா, சைவம்தான்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பம் நம்ம ஆளுவதான்! எதுக்கு அம்மாங்க? அத்தைன்னு கூப்பிடு. பேரு என்ன, பேச்சியம்மாளா? பேருதான் பேச்சி. வாயத் தொறந்தா முத்து உதிந்துருமாக்கும்."

நான் அடுப்பைச் சொன்னேன். அவள் ஆளைக் கேட்டிருக்கிறாள்; இந்தப் பக்கம் சைவம் என்பது ஒரு சாதிக்கும் பேர். எனக்கு அது புரிந்தபோது சாவி என் கையில் இருந்தது.

திருத்திச் சொல்லத்தான் நினைத்தேன். பெட்டியை உள்ளே வைக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 11

ஒரு பூனை வருகிறது. செம்பட்டை நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை, இடது காதில் ஒரு கிழிசல். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் ஒருநாள் ஈரத்தோடு வந்து அத்தையின் அடுக்களையில் படுத்ததாம். அத்தை அதற்குப் பவுனு என்று பேர் வைத்திருக்கிறாள். தயிர்ச் சோற்றைப் பிசைந்து, ஆறவைத்து, வெண்கலக் கிண்ணத்தில் ஊட்டாத குறையாக வைக்கிறாள்.

"பாத்தியாட்டி? எலியக் கூடத் திரும்பிப் பாக்காது. எங்க வீட்டுப் பூனையும் சைவமாக்கும்."

பூனை என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை. முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டவுன் பஸ் கண்டக்டர் ஜெபமணி அண்ணாச்சியின் சொந்த வீடு. காலையில் துணி காயப்போடும்போது அவர் குரல் கேட்டது: "செக்கிங் வந்தாச்சு! எல்லாரும் டிக்கெட்ட எடுத்து வைங்க!"

எட்டிப் பார்த்தேன். பவுனு அவர் வீட்டுக் கழுவுமேடையில் உட்கார்ந்து ஒரு சாளை மீன் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. காதுக் கிழிசல், வெள்ளை நுனி, அதே பூனைதான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். "அந்த அக்காட்ட சொல்லிராதம்மா. அங்க அது சைவம்."

"ஏன் அண்ணாச்சி செக்கிங்னு பேரு?"

"சொல்லாம கொள்ளாம வரும், தட்டு தட்டா எட்டிப் பாக்கும், கெடச்சத வாங்கிட்டு எறங்கிரும். பின்ன என்ன பேரு வைக்க?"

ஜனவரி 22

தெருமுனையில் இஸ்திரி போடும் மைமூன் அக்காவின் வண்டிக்கு அடியில், சூடு ஆறாத துணி மூட்டைமேல் அது தூங்குகிறது. அங்கே அது ஆண். பேர் சுல்தான். "நடையப் பாரு, எவ்வளவு மிடுக்கு! ஆம்பளையில்லன்னா இப்படி நடக்குமா?" என்கிறாள்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அது ஆண் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்காமல் எதற்குச் சொல்ல.

காலையில் பவுனு, உச்சியில் சுல்தான், சாயங்காலம் அண்ணாச்சி வேலை முடிந்து வந்தால் செக்கிங். ஒரு வீட்டு வாசனையை நக்கித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறது. பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பியதும் நானும் முகம் கழுவிவிட்டுத்தான் அத்தையின் அடுக்களைக்குப் போகிறேன்.

நான் அதற்குப் பேர் வைக்கவில்லை.

பிப்ரவரி 5

ஞாயிறு. அத்தை என் தலையில் எண்ணெய் வைத்து ஈர் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. மாமா பிரமநாயகம் பேப்பருக்குள் இருந்தால் அவரும் இல்லாத மாதிரிதான். நான் அவளுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறேன். "உன் கைக்குப் பூ மாதிரி பொங்குதுட்டி" என்கிறாள்.

தலையைப் பிரித்துக்கொண்டே, "உங்க சாஸ்தா எங்க இருக்கு?" என்று கேட்டாள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவீர்கள் என்று அர்த்தம். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில், மருதமரத்தடியில் என்றேன். அது நிஜம். "நம்ம ஆளுவ கோயிலு அந்தப் பக்கமும் இருக்காக்கும்" என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

எண்ணெய் கழுத்தில் வழிந்தது. அவள் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

பிப்ரவரி 20

பூனைக்கு வயிறு தெரிகிறது. மைமூன் அக்காவுக்குத்தான் பெரிய வருத்தம். "சுல்தான் இப்படிப் பண்ணிட்டானே!"

பிப்ரவரி 23

நேற்று அண்ணாச்சி வீட்டில் லெந்து நாள் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் மீனும் கறியும் கிடையாது. பூனை கழுவுமேடையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. "செக்கிங்குக்கும் சேத்துத்தான் லெந்து. ஜெபம் பண்ணு, போ" என்றார் அண்ணாச்சி.

மார்ச் 19

மூன்று குட்டிகள். அத்தை வீட்டு உள்ளறையில், பூஜை அலமாரிக்குக் கீழே, பாய்ச் சுருளுக்குப் பின்னால். அத்தை தன் பழைய பட்டுச்சேலையைக் கிழித்து விரித்திருக்கிறாள். "தலப்பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்குத்தான வரணும்" என்று மைமூன் அக்கா வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் அவளும் தரையில் குப்புறப் படுத்து, பாய்க்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 26

அம்மா வந்திருந்தாள். ஊர்க்காரர் ஒருவரைப் பெரியாஸ்பத்திரியில் பார்க்க வந்தவள், அப்படியே என்னையும்.

அத்தை முன்வாசலுக்கு வந்து, "வாங்க மதினி, உள்ள வாங்க" என்றாள். அம்மா நடைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். "இருக்கட்டும்மா." அத்தை செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அம்மா செம்பை வாங்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

அத்தை செம்பை அந்தரத்தில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மாவுக்குக் கால்வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம். அதனால்தான் நின்றாள்.

என் அறைக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். நெய்மீன் கருவாடு. "பிள்ள சீக்குக் கோழி மாதிரி ஆயிட்ட. என்னத்த திங்க இங்க?" வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டப்பாவில் போட்டு, துணிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். அம்மா அதைப் பார்த்தாள்.

மார்ச் 29

அத்தை மாவு ஆட்டக் கூப்பிடவில்லை. கடையில் வாங்கிக்கொண்டாளாம்.

ஏப்ரல் 4

நாளை பங்குனி உத்திரம். மாலையில் வேலை முடிந்து வந்தபோது முன்வீட்டில் ஒரே கூச்சல்.

உள்ளறையில் சாஸ்தாவுக்கு என்று வாங்கி வைத்திருந்த புது வேட்டியின்மேல் ஒரு துண்டு கருவாடு கிடந்தது. பூனை கொண்டு வந்து போட்டிருக்கிறது. என் ஜன்னல் கொக்கி சரியாக விழாது. பெட்டி சரிந்து, டப்பா திறந்து கிடந்ததை நான் அப்போதுதான் என் அறையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அத்தை முற்றத்துக்கு வந்து சுவரைப் பார்த்துக் கத்தினாள். "கண்டக்டர் தம்பி! ஏ தம்பி! இது உங்க வீட்டு வேலதான?"

அண்ணாச்சி சுவருக்குமேல் தலையை நீட்டினார். பாதி முகத்தில் சவர நுரை. "அக்கா, லெந்து நாளு. எங்க வீட்ல முட்ட கூட ஒடையல. எங்க கெடந்துச்சு, காட்டுங்க. வாசமாவது பிடிச்சிக்கிடுதேன்."

"கிண்டலு! சாமி வேட்டில கொண்டாந்து போட்டிருக்கு மூதி. இத்தன நாளும் எங்கெங்க வாய் வச்சிட்டு எங்க வீட்டுக் கிண்ணத்துல நக்கிச்சோ!"

மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். "எதுக்குக் கெடந்து கத்துத? நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாக்குல கட்டி ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வாரேன். தண்ணியத் தாண்டிட்டா வழி தெரியாது."

"குட்டி?" என்றாள் அத்தை. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதுக்கென்ன. கண்ணு தொறந்தாச்சுல்லா."

கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். தாய்ப்பால் இல்லாமல் இரண்டு நாள் தாங்காது. பேசாமல் இருந்தால் பூனை போகும், எனக்கு அறை இருக்கும். அண்ணாச்சி மேல் பழி விழுந்தாலும் அவர் சொந்த வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே இருந்துவிடுவார். எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"கருவாடு என்னோடது" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. நான் பேசினால் எப்போதும் அப்படித்தான். சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். "அத்தை, கருவாடு என்னோடது. எங்கம்மா கொண்டு வந்தது."

"என்னட்டி சொல்லுத? நீ சைவம்னு சொன்னியே?"

"சமையலக் கேக்கீங்கன்னு நெனச்சேன். நீங்க கேட்டது வேறன்னு பொறவுதான் தெரிஞ்சுது. இப்பம் ரெண்டுக்கும் சேத்துச் சொல்லுதேன். நான் சைவம் இல்ல. எங்க ஊர்ல எங்க தெரு காலனித் தெரு. பூனைய ஒண்ணும் செய்யாதீங்க."

அண்ணாச்சி நுரையைத் துடைக்கவில்லை. அத்தை ஒரு படி மேலே ஏறிக்கொண்டாள். "செம்ப வாங்காம நின்னப்பமே நெனச்சேன்... இத்தன நாளா எங்க அடுக்களைக்குள்ள..."

"ஆமா. மாவு ஆட்டினேன். பூ மாதிரி பொங்குதுன்னு சொன்னீங்க."

"இனும அத்தைன்னு கூப்பிடாத."

"காலி பண்ணிரும்மா" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

"மாசம் முடியட்டும். போயிருதேன் அத்தை."

கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன் என்று எதிர்பார்த்தேன். பசித்தது. டப்பாவில் மீதி இருந்த கருவாட்டைச் சுட்டு, கஞ்சியோடு சாப்பிட்டேன். ஜன்னலைச் சாத்தவில்லை.

ஏப்ரல் 5

காலையில் அவர்கள் சாஸ்தா கோயிலுக்குப் புறப்படும் சந்தடியில் பூனை குட்டிகளை மாற்றத் தொடங்கியது. பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இது ஒரே மாற்றுத்தான் மாற்றியது. ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கி, முற்றத்தைக் கடந்து, என் ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, துணிப் பெட்டிக்குள் போட்டது. கருவாட்டு வாசனைதான் காரணமாக இருக்கும். வேறு காரணம் கற்பிக்க நான் விரும்பவில்லை. கூடத்துக்கு லீவு சொன்னேன்.

சாயங்காலம் நெற்றியில் திருநீறும் கையில் சாக்குமாக மாமா வந்தார். என் வாசல்வரை வந்தவர் கால் அப்படியே நின்றது. பூனை அவருக்கு நேராகப் பெட்டியில் படுத்திருந்தது. எட்டினால் பிடித்துவிடலாம்.

"அத வெளிய எடுத்துப் போடு."

"நீங்களே வந்து எடுங்க மாமா."

அவர் படியைப் பார்த்தார். போன மாதம் இதே படியைத் தாண்டி வந்து பல்பு மாட்டிக் கொடுத்தவர். பின்னால் அத்தை நின்றாள். அவளும் வரவில்லை. சாக்கைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, "வெளிய போடுங்கேன்ல" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பாளையங்கோட்டையில் இந்தப் பூனைக்கு என் அறையைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அவர்கள் சுவர், அவர்கள் கூரை, அவர்கள் கதவு. ஆனாலும் உள்ளே கால் வைக்க அவர்களால் முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தாமல் சிரித்தேன்.

ஏப்ரல் 9

ஈஸ்டர். சுவருக்குமேல் ஒரு தூக்குவாளி வந்தது. "செக்கிங்குக்குத் தல, உனக்கு நடுத்துண்டு. மாத்திராத" என்றார் அண்ணாச்சி. ஜன்னல், கதவு எல்லாம் திறந்து போட்டுச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 12

முற்றத்துக் குழாயைப் பூட்டிவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்கிறேன். பெரிய குட்டி இன்று குடத்தில் தன் முகத்தைப் பார்த்துச் சீறியது.

ஏப்ரல் 16

காலையில் முற்றத்தில் "பவுனு... பவுனு..." என்று மெல்லிய குரல். அத்தை வெண்கலக் கிண்ணத்தில் பாலோடு நின்றாள். வாசலுக்கு வெளியே, படியிலிருந்து ஒரு முழம் தள்ளி. இளைத்திருந்தாள். அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. பூனை என் மடியில் இருந்தது. குட்டிகள் என் பாவாடை ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தன. அத்தையின் கண் ஒவ்வொரு குட்டியாகப் போய்வந்தது.

"வளந்துட்டே" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியாது.

"உள்ள வாங்க அத்தை."

அத்தை என்று கூப்பிடாதே என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. படியைப் பார்த்தாள். நான் குடிவந்த வாரம் அந்தப் படியில் கோலம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். வலது காலைக் கொஞ்சம் முன்னால் எடுத்தாள். பிறகு தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கிண்ணத்த உள்ள தள்ளி வைக்கட்டுமா?"

"வேண்டாம். வாரதுன்னா நீங்க வாங்க. கிண்ணம் மட்டும் வர வேண்டாம்."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. பாலில் ஆடை படிந்தது. கடைசியில் பூனைதான் எழுந்தது. முதுகை வளைத்து நெளித்தது, படியைத் தாண்டிப் போனது, அவள் கையில் இருந்த கிண்ணத்தில் வாயை வைத்துக் குடித்தது. முடித்ததும் அவள் காலில் உரசியது. அவள் குனிந்து அதன் தலையைத் தடவினாள். சற்று முன்வரை என் உள்ளங்கை இருந்த இடம் அது.

பூனை திரும்பி வந்து என் மடியில் படுத்துக்கொண்டது. மீசையில் பால்.

அவள் போய்க் கையைக் கழுவுகிறாளா என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்த்ததை எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 23

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜங்ஷன் பகுதியில் அறை தேடினேன். முதல் வீட்டிலேயே "நீங்க சைவமா?" என்று வந்தது.

"எதைக் கேக்கீங்க? அடுப்பையா, ஆளையா?"

அந்த மனிதர் கதவைச் சாத்துவதற்குள், "ரெண்டுக்கும் இல்லன்னுதான் பதிலு" என்று நானே சொல்லிவிட்டு இறங்கினேன். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வீட்டில், "அடுப்பச் சொல்லவா, ஆளச் சொல்லவா?" என்று நானே முதலில் கேட்டேன். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம். மோட்டர போட்டுட்டு அணைக்க மறக்குற ஆளா? அதச் சொல்லு."

"மறக்க மாட்டேன். எங்க தெரு காலனி."

"அதான் மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லுதியே. வேற யாரு கூட இருக்கா?"

"பூனை. குட்டி மூணு."

"குட்டியில ஒண்ணு எனக்கு. வீட்ல எலித் தொல்ல."

ஏப்ரல் 30

மைமூன் அக்கா காலையிலேயே வந்து ஒரு குட்டியை வாங்கிக்கொண்டாள். "இது நிச்சயம் ஆம்பளதான? நல்லாப் பாத்துச் சொல்லு, நீ படிச்ச பிள்ள." பார்த்துச் சொன்னேன். இந்தத் தடவை உண்மையான சுல்தான்.

அறையைக் கூட்டித் துடைத்தேன். அடுப்பு மேடையையும். மீன் வாசனை போகாது. போகவேண்டிய அவசியமும் இல்லை. சாவியை முன்வாசல் படியில் வைக்காமல், கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மாமா பேப்பரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அத்தைதான் வந்தாள். என் கையிலிருந்து எடுத்தாள். அவள் விரல் என் உள்ளங்கையில் பட்டது. தவறிப் பட்டதா என்று எனக்குத் தெரியாது.

"போயிட்டு வாரேன் அத்தை."

நான் தெருவில் இறங்கிய பிறகு உள்ளேயிருந்து "பவுனு" என்று ஒரு குரல். கூடைக்குள் பூனையின் கிழிந்த காது மட்டும் பின்னால் திரும்பியது.

அண்ணாச்சியின் பஸ்ஸிலேயே ஏறினேன். "செக்கிங்கே டிக்கெட் எடுத்து வருது பாருங்கப்பா!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பக்கத்து சீட்டில் இருந்தவர், "இதுக்குப் பேரே செக்கிங்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு பேரு. எல்லாத்துக்கும் திரும்பிப் பாக்கும்."

"நீ என்னன்னு கூப்பிடுத?"

"நான் கூப்பிடுறதில்ல. அதுவா வரும்."

"மூடி போடும்மா, பூனை வெளிய குதிச்சிரும்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

ஆற்றுப் பாலம் வந்தது. சாக்கில் கட்டி, இருட்டில், வழி தெரியாமல் இது போக இருந்த அதே பாலம். கூடையின் வாயைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தேன், தலை மட்டும் வெளியே வரும்படி. குட்டிகள் உள்ளே தூங்கின. பூனை ஜன்னல் கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி, கீழே ஓடும் தண்ணீரை, கரையில் துவைக்கிறவர்களை, போகிற வழி முழுவதையும் பார்த்துக்கொண்டே வந்தது.

நான் மூடி போடவில்லை.